மாமாவின் வலது கால்

ஐம்பத்தெட்டு வயதில் என் மாமாவுக்கு மறுபடியும் புல்லட் ஆசை வந்துவிட்டது. போளூர்க்காரர். 1988-லிருந்து 2009 வரை, அதாவது இருபத்தொரு வருடம், ஒரே புல்லட்டில் ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்கியவர். ஜமுனாமரத்தூர் சந்தையில் சாமையும் புளியும் கடுக்காயும் வாங்கி வந்து கீழே விற்பதுதான் தொழில். முதுகுவலி வந்ததும் வண்டியை விற்றுவிட்டு கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறினார். இப்போது தொழிலை விட்டாகிவிட்டது, முதுகும் பரவாயில்லை. பழைய புல்லட் ஒன்று வாங்கி ஜவ்வாது, ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை என்று வரிசையாகப் போய்வர வேண்டும் என்றார்.

"நெட்ல தேடிக் குடுடா. மத்தத நான் பாத்துக்கறேன். இருவது வருஷம் ஓட்டனவனுக்கு வண்டி பாக்கத் தெரியாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இருபது வருடம்தான் எங்கள் இரண்டு பேரையும் ஜவ்வாது மலையில் உருட்டிவிடப் பார்த்தது. அது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இது. மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் 2012 மாடல் வண்டியை விற்க இருந்தார். "மலைக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க, அப்புறம் வெல பேசலாம்" என்று சாவியைக் கொடுத்தார். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மாமா சிரித்துக்கொண்டே ஓட்டினார். இறங்கும்போது ஒரு வளைவைத் திரும்பினால் சாலை முழுக்க ஆடுகள். மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, எஞ்சின் "வ்ர்ர்ர்" என்று அலறியது, பின்சக்கரம் கீச்சிட்டு ஒரு பக்கமாக இழுத்தது. கடைசியில் முன் டிஸ்க் பிரேக் காப்பாற்றியது. ஓரச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றோம். ஆடு மேய்த்த அம்மா திட்டிய திட்டு இங்கே எழுதக்கூடியது அல்ல.

மாமா இறங்கிச் சுவரில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மிதித்தது இடது காலால். அவருடைய பழைய புல்லட்டில் பிரேக் இடது பக்கம், கியர் வலது பக்கம். இந்த வண்டியில் அது அப்படியே தலைகீழ். பிரேக் என்று நினைத்து அவர் மிதித்தது கியரை. மூன்றில் போன வண்டி கிளட்ச் பிடிக்காமலே இரண்டுக்கு இறங்கியிருக்கிறது.

அவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கிளம்பும்போது எனக்கே விளக்கிச் சொன்னார். ஏறும்போது யோசித்து யோசித்துத்தான் கியர் போட்டார். ஆடு குறுக்கே வந்தபோது யோசிக்க நேரம் இல்லை, அவ்வளவுதான். புதிதாகக் கற்றுக்கொண்ட நானாக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது (வேறு தப்பு நடந்திருக்கும்).

சரி, ஒரே கம்பெனியின் வண்டியில் கியர் ஏன் ஒரு காலத்தில் வலது பக்கமும் பிறகு இடது பக்கமும் இருக்கிறது? இதற்குப் பதில் இங்கிலாந்தில் தொடங்குகிறது.

ராயல் என்ஃபீல்டு பிறந்த ஊர் ரெட்டிச். அது ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். கம்பெனியின் வேரும் ஒரு ஊசித் தொழிற்சாலைதான். (ஊசி ஊரில் பிறந்த வண்டியை வைத்துக்கொண்டு நாங்கள் கொண்டை ஊசி வளைவில் விழப் பார்த்தோம் என்பதை எழுதாமல் விட மனமில்லை.) புல்லட் என்ற பெயரில் அவர்கள் வண்டி விட்டது 1932-ல். நாம் பார்க்கும் வடிவத்துக்கு மூதாதையான 350 சிசி வண்டி 1940-களின் கடைசியில் வந்தது. பிரிட்டிஷ் வண்டிகளில் அப்போது கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு என்பதுதான் வழக்கம்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதை இறக்குமதி செய்தது சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ். இறக்குமதி செய்துகொண்டே இருக்க முடியாது என்பதால், ரெட்டிச்சும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை. 1956-ல் இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்ததைப் பூட்டி வெளியே அனுப்பிய வண்டிகள் மொத்தம் 163. அடுத்த வருடம் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே ஆனது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். தாய் வீடு செத்துப்போனது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. மிச்சமிருந்த உற்பத்தி பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊர்ப்பக்கம் ஒரு நிலத்தடிக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்து, 1970-ல் அதுவும் நின்றது. சென்னைப் பிள்ளை மட்டும் 1955-ல் கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு தனியாக நின்றது.

நான்கு வருடம் கழித்து அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. அங்கே ஜப்பானிய வண்டிகளில் கியர் இடது பக்கம், பிரிட்டிஷ் வண்டிகளில் வலது பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் அவசரத்தில் தப்பான பெடலை மிதிக்கிறார். (மாமாவின் கதைதான்!) அதனால் 1974 செப்டம்பர் முதல் அங்கே விற்கிற எல்லா மோட்டார் சைக்கிளிலும் கியர் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு என்று சட்டம். டிரையம்ஃபும் நார்ட்டனும் மாற வேண்டியதாயிற்று. ஹார்லியே தன் ஸ்போர்ட்ஸ்டரை மாற்றியது. அமெரிக்கச் சந்தையை யாரால் விட முடியும்?

திருவொற்றியூரால் முடிந்தது. அவர்கள் அங்கே விற்கவே இல்லையே. ரெட்டிச் இன்னும் ஐந்து வருடம் உயிரோடு இருந்திருந்தால் அதுவும் கியரை இடது பக்கம் மாற்றியிருக்கும், அந்த மாற்றம் சென்னைக்கும் வந்திருக்கும், மாமாவின் கால் வேறு மாதிரி பழகியிருக்கும் என்பது என் ஊகம். பின்னாளில் அமெரிக்காவுக்கு அனுப்பிய இரும்பு எஞ்சின் புல்லட்டுகளில்கூட கியர் பெட்டியை மாற்றவில்லை. வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குக் குறுக்கே ஒரு தண்டை விட்டுச் சமாளித்தார்கள்.

உள்ளூரில் மாற வேண்டிய நெருக்கடியும் இல்லை. லைசன்ஸ் காலத்தில் நம்மூரில் பெரிய வண்டி என்றால் புல்லட்டும் மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டியும்தான். ராணுவமும் போலீஸும் நிரந்தர வாடிக்கையாளர்கள். 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100-ம் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தபோதுதான் சனங்களுக்கு வேறு வழி கிடைத்தது. அந்த வண்டிகளிலெல்லாம் கியர் இடது பக்கம். அன்றிலிருந்து நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு சாதி ஆனார்கள். புல்லட்காரர் மற்ற வண்டியை வாங்கி ஓட்டவும் பயப்படுவார், தன் வண்டியை மற்றவருக்குக் கொடுக்கவும் பயப்படுவார். புல்லட்காரர் வண்டியைக் கடன் கொடுக்க மாட்டார் என்ற கெட்ட பெயருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாதாரணமாகப் பழைய வண்டி வாங்கும்போது முதலில் என்ன கேட்போம்? "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" புல்லட்டில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. மீட்டர் கேபிள் அறுந்து பத்து வருடம் ஆகியிருக்கும். கேட்க வேண்டியது எந்த வருடம், எந்த எஞ்சின் என்பதை. வெளியே பார்த்தால் 1965-ம் 2005-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோடு உட்பட. உள்ளேயோ மூன்று தலைமுறை.

முதல் தலைமுறை இரும்பு எஞ்சின். 346 சிசி, 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். அந்த நீண்ட ஓட்டமும் கனமான ஃப்ளைவீலும்தான் "தட்... தட்..." சத்தத்துக்குக் காரணம். மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். மாமா இருபது வருடம் பிரேக்கை நம்பி இறங்கவில்லை, எஞ்சினை நம்பி இறங்கினார். ஏனென்றால் அந்த டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறி கை விட்டுவிடும். கியர் பெட்டி தனி, எஞ்சின் தனி. பாயிண்டைத் தேய்த்து, பிளக்கைத் துடைத்து, ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு மலைமேல் எந்த மரத்தடியிலும் கிளப்பிவிடலாம். கிளப்ப வேண்டியும் வரும்!

1994-ல் ஐஷர் கம்பெனி என்ஃபீல்டை எடுத்துக்கொண்டது. அப்படியும் உடனே விடியவில்லை. 2000 வாக்கில் மாதத்துக்கு ஆறாயிரம் வண்டி செய்யக்கூடிய கம்பெனி இரண்டாயிரம்தான் விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாம் என்ற பேச்சுகூட எழுந்தது. அந்தச் சமயத்தில் வந்தது ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அலுமினிய எஞ்சின். 2002-ன் தண்டர்பேர்டில் இருப்பது அதுதான். நீண்ட பயணத்துக்கு என்றே சொல்லி விற்ற வண்டி. இந்தக் காலகட்டத்தில்தான் ஐந்து கியரும் இடது கால் கியரும் புல்லட் குடும்பத்துக்குள் நுழைந்தன. ஆனால் பழைய நான்கு கியர், வலது கால் வண்டியும் கூடவே விற்றது. ஆகவே 2006 மாடல் என்று விளம்பரம் பார்த்தால், எந்தக் கால் என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். நாங்கள் ஏறினோம். டிக்கெட் காசு தண்டம்.

மூன்றாவது தலைமுறை எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யு.சி.ஈ. 2008-ல் தொடங்கி 2010 வாக்கில் புல்லட்டுக்கும் வந்தது. இரும்பு எஞ்சினும் வலது கால் கியரும் அத்தோடு விடைபெற்றன. 2020-க்குப் பிறகு வந்த எஞ்சின் வேறு. அந்த வண்டிகளின் விலை மாமாவின் பட்ஜெட்டுக்கு மேலே என்பதால் விட்டுவிடுகிறேன்.

நாங்கள் பார்த்த வண்டிகளில் மிக அழகானது வேலூர்ப் பக்கம் இருந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்தது. வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அதனால் இந்தப் பக்கம் "மிலிட்டரி புல்லட்" என்றால் தனி மரியாதை. பச்சைப் பெயின்ட் பளபளத்தது. ஆர்.சி. புத்தகத்தில் பதிவான வருடத்தைப் பார்த்து நான் சின்ன வயது வண்டி என்று நினைத்தேன். மாமா அதற்குக் கீழே தயாரிப்பு வருடத்தைக் காட்டினார். ராணுவத்தில் உழைத்து, ஏலத்தில் போன பிறகுதான் அந்த வண்டி சிவில் எண் வாங்குகிறது. இடைப்பட்ட வருடங்கள் பதிவுத் தேதியில் தெரியாது. மாமா எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள். "ஆறட்டும், டீ குடிச்சிட்டு வரோம்" என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்து வந்து உதைத்தார். பன்னிரண்டாவது உதையில் கிளம்பியது, நீலப் புகையோடு. இந்த இடத்தில் மாமாவின் அனுபவத்துக்கு நான் தலைவணங்குகிறேன். நானாக இருந்தால் பச்சைப் பெயின்டைப் பார்த்தே பணத்தைக் கொடுத்திருப்பேன்.

ஆனால் காகித விஷயத்தில் அவருடைய அனுபவம் பூஜ்யம். அவர் காலத்தில் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதாமல் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்தது. விளையாட்டாக, 2009-ல் அவர் விற்ற வண்டியின் எண்ணைப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டேன். உரிமையாளர் பெயரின் நடு எழுத்துகளை மறைத்துக் காட்டும். மறைத்தால் என்ன, சொந்த மாமாவின் பெயர் தெரியாதா! பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அது இன்னும் இவர் பெயரில்தான் இருக்கிறது.

இது சிரிக்கிற விஷயம் இல்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2007-ல் விற்ற கார் கை மாறி மாறி நான்காவது ஆளிடம் போய், 2009-ல் விபத்தில் சிக்கியது. இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். காரை விற்றுவிட்டேன் என்று சொன்னது எடுபடவில்லை. மாமாவின் பழைய புல்லட் இன்று எங்கேயாவது யாரையாவது இடித்தால் நோட்டீஸ் போளூருக்கு வரும். மாமா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்கிய தரகரையும் தேடிப் பிடித்தோம். அவர் கைகாட்டியது வேறொரு தரகரை. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

ஆக, எதை வாங்குவது? கடைசியில் இரண்டு வண்டி மிஞ்சின. ஒன்று, 1990-களின் இரும்பு எஞ்சின். வலது கால் கியர். சொந்தக்காரர் நன்றாக வைத்திருந்தார். குளிர்ந்த எஞ்சின் மூன்றாவது உதையில் கிளம்பியது, அம்மீட்டர் முள் அளவாக ஆடியது. இன்னொன்று, எங்களைச் சுவர்வரை கொண்டுபோன 2012 வண்டி.

நான் இரும்பு எஞ்சின் பக்கம். அவர் காலுக்குத் தெரிந்த வண்டி அதுதானே? ஆடு வந்தால் சரியான பக்கம் மிதிப்பார். உதிரி பாகத்துக்கு சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம், பசுமை வரி என்று செலவு கூடினாலும் பரவாயில்லை என்று வாதாடினேன்.

மாமா ஒரே கேள்வி கேட்டார். "மல மேல எனக்கு நெஞ்ச அடச்சிட்டா, என்ன பின்னாடி வச்சி யாருடா ஓட்டினு வருவாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு இடது கால் கியர்தான் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் வலது கால் தெரியாது. ஜமுனாமரத்தூரில் வண்டி வைத்திருக்கும் பையன்களுக்கும் தெரியாது. வலது கால் புல்லட் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் மாமா வயதுக்காரர்கள். இத்தனை நாள் தேடிய வரலாற்றில் எனக்கு இது தோன்றவே இல்லை.

2012 வண்டியையே வாங்கினார். ஆர்.சி. பெயர் மாறிய பிறகுதான் பாக்கிப் பணம் கொடுத்தார். 2027-ல் அதற்கும் பதினைந்து வருடம் முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். அதையும் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்தார். பிறகு ஒரு மாதம், தினமும் விடிகாலையில் ஆள் இல்லாத திடலில் வண்டியை ஓட்டி, நான் கைதட்டும்போதெல்லாம் நிறுத்திப் பழகினார். முதல் வாரம் பத்துக்கு நான்கு முறை இடது கால் மிதித்தது. நான்காவது வாரம் ஒரு முறைகூட இல்லை.

போன மாதம் மறுபடி ஏறினோம். இந்த முறை போளூர் வழியாக ஏறி, ஜமுனாமரத்தூரில் சாமைச் சோறு சாப்பிட்டு, காவலூர், ஆலங்காயம் வழியாக அந்தப் பக்கம் இறங்கினோம். காவலூரில் இருக்கும் வானாய்வகத்தை ஒரு நிமிடம் நின்று வெளியிலிருந்து பார்த்தோம். 1968-லிருந்து அங்கே நட்சத்திரம் பார்க்கிறார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் வந்தது. மாமா அந்த வட்டக் கூரையைச் சின்னதிலிருந்து பெரியதுவரை எண்ணிக் காட்டினார். "இத கட்டறப்ப சிமெண்ட் லாரிக்குப் பின்னாடி நின்னு நின்னு வந்தோம்னு எங்க அப்பா சொல்லுவாரு."

இறக்கத்தில் அவர் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலது கால் பிரேக் மேல் ஒழுங்காக இருந்தது. வளைவு வரும்போது மட்டும் இடது காலைக் கியரிலிருந்து எடுத்து, ஃபுட்ரெஸ்ட்டின் வெளி ஓரத்தில் தள்ளி வைத்துக்கொள்கிறார். வளைவு முடிந்ததும் திரும்ப உள்ளே கொண்டுவருகிறார். ஆலங்காயம்வரை ஒரு வளைவில்கூட அதை அவர் விடவில்லை.